நோயாளி வந்துவிட்டார், குறிப்பு எங்கே?

திருவனந்தபுரத்துக்கு நோயாளிகளைக் கொண்டுவரும் இ.எம்.டி.களுக்கும் பைலட்டுகளுக்கும் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

நான் குமரி மாவட்டத்துக்காரி. இந்த நகரத்தில் பல வருடம் கேஷுவாலிட்டியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வரும்போது மறுமுனையைப் பிடித்து வாங்கியவர்களில் ஒருத்தி. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஆம்புலன்ஸில் எழுதும் நோயாளிக் குறிப்பு காகிதத்தில் இருக்க வேண்டுமா, டேப்லெட் கணினியில், அதாவது டேப்பில், இருக்க வேண்டுமா என்று இப்போது எல்லா இடத்திலும் பேச்சு நடக்கிறது. அதிகாரிகள் பேசுகிறார்கள், மென்பொருள் செய்பவர்கள் பேசுகிறார்கள். தினமும் அதை எழுதும் உங்களிடமும், அதை வாங்கிப் படிக்க வேண்டிய எங்களிடமும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதனால் நாம் நமக்குள் பேசிக்கொள்வோம்.

முதலில் வந்த வழியைப் பார்ப்போம். 2005இல் ஹைதராபாத்தில் இ.எம்.ஆர்.ஐ. என்ற அவசர ஆம்புலன்ஸ் சேவை நிறுவனம் தொடங்கியபோதுதான் 108 என்ற எண் நம் தென்னிந்திய வீடுகளுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. கேரளத்தில் 2010இல் நம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் முதலில் வந்து, பிறகு ஆலப்புழைக்குப் போனது. மாநிலம் முழுவதற்குமாக 315 வண்டிகளோடு ‘கனிவு 108’ வந்தது 2019 செப்டம்பரில். 108 வருமுன் ஆம்புலன்ஸ் என்றால் படுக்கை போட்ட வேன், கூடவே ஒரு ஓட்டுநர், அவ்வளவுதான். ‘கனிவு’ வண்டிக்குள் படித்த நர்ஸ் ஒருவர் இ.எம்.டி.யாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக, ஏறினார். சிகிச்சை வண்டியிலேயே தொடங்கிவிட்டது. சிகிச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கேயே குறிப்பும் தொடங்க வேண்டும். நீங்கள் பி.சி.ஆர். என்று சொல்லும் அந்த நோயாளிக் குறிப்புத் தாளுக்கு உள்ள மதிப்பு அதுதான். மெடிக்கல் காலேஜில் எழுதப்படும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கம் உண்மையில் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் இவ்வளவு காலம் பார்த்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். காகிதம் நோயாளியோடு வருகிறது, ஆனால் தங்குவதில்லை. டேப்பில் ஏறியது தங்குகிறது, ஆனால் நோயாளியோடு வருவதில்லை. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று சண்டை போடுவதைவிட இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைப்பதுதான் வேலை. டேப் வரட்டும், வர வேண்டும். ஆனால் டேப்பில் இருப்பதைக் கேஷுவாலிட்டி டாக்டர் தன் முன்னால் உள்ள திரையில் பார்க்க முடியும் நாள் வரும்வரை, ஒரு பக்கத் தாள் ஒன்று நோயாளியின் கூடவே படுக்கைக்கு வந்தாக வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான காரணங்கள்.

பாலராமபுரத்தில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருக்கிறார், கேட்டதைச் செய்கிறார், பேச்சில் மட்டும் கொஞ்சம் குழப்பம். நினைவுநிலையை அளக்கும் ஜி.சி.எஸ். ஸ்கோர் 14 என்று கணக்கிடுகிறீர்கள். கரமனை நெரிசலில் ஊர்ந்து மெடிக்கல் காலேஜ் வருவதற்குள் அவர் மயங்கத் தொடங்குகிறார், ஸ்கோர் 10 ஆகிவிட்டது. கேஷுவாலிட்டியில் இருக்கும் ஜூனியர் டாக்டர் முதன்முதலில் பார்ப்பது 10ஐத்தான். அவருக்கு அது ஒரு நிலை, அவ்வளவே. முந்தைய 14ஐ யாராவது அவர் கையில் கொடுத்தால்தான் அது ஒரு சரிவு என்று தெரியும். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே ரத்தம் கசிந்து சேர்கிறதோ என்ற சந்தேகம் அப்போதுதான் உடனே எழும். சி.டி.க்குப் போகும் வரிசையில் அந்த ஸ்ட்ரெச்சர் முன்னால் நகரும். கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் இந்த அளவுகோலை வெளியிட்டபோது அவர்கள் விரும்பியதே இதுதான்: வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நேரத்தில் பார்த்தாலும் ஒரே எண்ணில் பேசிக்கொள்ள வேண்டும், மாற்றம் கண்ணில் பட வேண்டும். உங்கள் 14 வந்து சேராவிட்டால் அந்த அளவுகோலின் பாதிப் பயன் வழியிலேயே போய்விடுகிறது.

நேரமும் அப்படித்தான். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வழக்கமாகப் பார்க்கும் எல்லை நாலரை மணி நேரம். அதை நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். அந்த நேரத்தைச் சொல்லக்கூடிய ஆள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோதான். அவர் ஆம்புலன்ஸில் ஏறாமல் ஆட்டோ பிடித்துப் பின்னால் வருவார், சில சமயம் வரவே மாட்டார். அவரிடம் நேருக்கு நேர் கேட்க வாய்ப்புக் கிடைத்தவர் நீங்கள் மட்டுமே. ரத்தம் போகும் விபத்து நோயாளிக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால் உயிர் காக்கிறது, அதைத் தாண்டிப் போட்டால் கெடுதலும் வரலாம் என்று 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த கிராஷ்-2 ஆய்வு காட்டியது. 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில் இந்திய மருத்துவமனைகளும் இருந்தன. பாம்பு கடித்தவருக்குக் கடித்த நேரம், கட்டுப் போட்டிருந்தால் எப்போது போட்டார்கள், இமை எப்போது சரியத் தொடங்கியது என்பதெல்லாம் விஷமுறிவு மருந்தைப் பற்றிய முடிவுக்கு உதவும். ‘காலையில் கடித்ததாம்’ என்று காதில் விழுவதற்கும் ‘6.20’ என்று தாளில் இருப்பதற்கும் நடுவே ஒரு உயிரே இருக்கலாம்.

இனி காகிதத்துக்கு வருவோம். அதற்குச் சார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், சிக்னல் வேண்டாம். கேஸ் ஷீட்டோடு ஒரு பின் குத்தினால் போதும், வார்டு வரை போகும். அதை மூன்று பேர் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்துப் படிக்கலாம். மனித உடம்பின் படத்தில் காயம் எங்கே என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிடலாம். ஆனால் இடவப்பாதி மழையில் அது ஊறிப்போகும். கார்பன் வைத்து எழுதினால் மூன்றாம் பிரதி யாராலும் படிக்க முடியாத நீலப் புகை. ஈ.சி.ஜி. அச்சாகும் தெர்மல் தாள் சூட்டிலும் ஈரத்திலும் சில மாதத்தில் வெளுத்துப்போகும். நோயாளி ஐ.சி.யூ.வுக்கு மாறும்போது தாள் கேஷுவாலிட்டி மேசையிலேயே கிடக்கும். உங்கள் பக்கத்துப் பிரதி ஒரு அறையில் கட்டுக் கட்டாகச் சேரும். அந்தக் கட்டுகளை யாரும் பிரித்து இந்த மாதம் எத்தனை மாரடைப்பு, எந்த வளைவில் எத்தனை விபத்து என்று எண்ணப்போவதில்லை.

காகிதத்தின் இன்னொரு குறை நீங்களும் நானும் அறிந்தது. வண்டி ஓடும்போது எழுத முடிவதில்லை. ஒரு கை ஆம்பு பையை அழுத்துகிறது, இன்னொரு கை வாந்தியைத் துடைக்கிறது. அதனால் மைக்ரோபோர் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்துத் தொடையில் ஒட்டிக்கொள்கிறீர்கள். அதில் பேனாவால் ‘7.42 – 90/60 – 112 – 94%’ என்று கிறுக்குகிறீர்கள். அடுத்த வரியில் ‘7.55 – 84/50’. அந்த இரண்டு அங்குலத் துண்டில் இருப்பதுதான் அன்று இரவின் மிக உண்மையான மருத்துவக் குறிப்பு. நோயாளியை இறக்கியதும் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. டூட்டி முடிந்து உட்கார்ந்து தாளை நிரப்பும்போது துண்டு வியர்வையில் சுருண்டு எங்கேயோ விழுந்திருக்கும். அப்போது கை தானாக எழுதுவது 120/80, நாடி 80, மூச்சு 18. நினைவிலிருந்து எழுதும் எல்லாருக்கும் நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். தவறு உங்கள் மனசில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

டேப் இங்கேதான் உதவிக்கு வருகிறது. தொட்ட மாத்திரத்தில் நேரத்தைத் தானே பதித்துக்கொள்ளும். மானிட்டரோடு இணைத்தால் பி.பி.யும் ஆக்சிஜன் அளவும் நேராக ஏறிவிடும். கையெழுத்துப் புரியவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடயம் உள்ளே இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆயிரம் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் படிக்கலாம். 1990இல் நார்வேயில் உத்ஸ்டைன் என்ற பழைய மடாலயத்தில் மருத்துவர்கள் கூடினார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களைப் பற்றி ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது, ஒப்பிடவே முடியவில்லை என்பது அவர்கள் கவலை. எல்லாரும் ஒரே சொற்களில், ஒரே நேரக்குறிகளோடு எழுதலாம் என்று வகுத்து 1991இல் வெளியிட்டார்கள். ஓர் ஊரில் பிழைப்பவர்கள் ஏன் அதிகம், இன்னோர் ஊரில் ஏன் குறைவு என்று கேட்கவும் திருத்தவும் அதன் பிறகே வழி பிறந்தது. நெய்யாற்றின்கரையிலும் நெடுமங்காட்டிலும் நீங்கள் எழுதுவதை அப்படிச் சேர்த்துப் படித்தால் எங்கே இன்னொரு வண்டி நிற்க வேண்டும், எந்தச் சாலைச் சந்திப்பைச் சரிசெய்ய வேண்டும் என்று நம் மாவட்டத்துக்கும் தெரியவரும்.

ஆனாலும் டேப் தரும் தொல்லையை மூடி மறைக்க வேண்டியதில்லை. ரத்தம் பட்ட கையுறையோடு தொட்டால் திரை கேட்பதில்லை. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் போணக்காடு பக்கத்து மலையிலும் சிக்னலை நம்ப முடியாது. சிக்னல் இல்லாதபோதும் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இல்லாத செயலி நமக்கு வேண்டாம் என்று உரக்கச் சொல்லுங்கள். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இன்னொரு சிக்கல். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது என்றால், அவசரத்தில் விரல் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகும். அந்தப் பொய் அழகான எழுத்தில், சரியான நேரத்தோடு நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ‘பார்க்க முடியவில்லை’ என்று ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அளக்காததை அளந்ததாகக் காட்டுவதைவிட அளக்கவில்லை என்று நேர்மையாக எழுதியிருப்பது டாக்டருக்கு ஆயிரம் மடங்கு உதவும். முதலிலேயே ‘நார்மல்’ என்று டிக் போட்டு வைத்திருக்கும் பட்டியல்களையும் எடுத்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, டேப்பில் எழுதியது எங்கே போகிறது என்பது. ஆம்புலன்ஸ் நடத்துகிறவரின் சர்வர் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு எடுக்கும் இ-ஹெல்த் ஏற்பாடு வேறொன்று. தனியார் மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மென்பொருள் வைத்திருக்கின்றன. இவை ஒன்றோடு ஒன்று பேசாதவரை நீங்கள் அழுத்தும் ‘சப்மிட்’ எங்கள் படுக்கைக்கு வராது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவீர்கள். சொல்லும்போது கேட்பவர் இன்னொரு நோயாளிக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருப்பார். அரை நிமிடத்தில் பாதி மறந்துவிடும். தமிழ்நாட்டில் ‘தாய்’ என்று அழைக்கும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில், 108 வண்டி வந்து சேருமுன்பே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லி, வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். தகவல் வண்டியை முந்திக்கொண்டு வர முடியும் என்பதற்கு அது நம் பக்கத்து வீட்டு உதாரணம்.

கணினி முழுசாகப் படுத்துவிடும் நாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. நாட்டின் முன்னணி மருத்துவமனை நாள்கணக்கில் கையால் எழுதி ஓடியது. 2023 ஜூலையில் ஓர்ட்டிவஸ் என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலால், அதன் மென்பொருளைப் பயன்படுத்திய இங்கிலாந்தின் இரண்டு ஆம்புலன்ஸ் அமைப்புகள் மின்னணுக் குறிப்பை இழந்து காகிதத்துக்குத் திரும்பின. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 ஏப்ரல் கடைசியில் நம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டுக் கதிர்வீச்சுச் சிகிச்சை சில நாள் நின்றுபோனது. அங்கே காத்திருந்தவர்களில் என் மாவட்டத்துக்காரர்களும் இருந்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு வண்டியிலும் அச்சடித்த தாள் கட்டு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அதை எப்படி நிரப்புவது என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கும் கற்றுத்தர வேண்டும். டேப்பில் மட்டுமே பழகிய கை, டேப் செத்த நாளில் வெறும் தாளைப் பார்த்து நின்றுவிடக் கூடாது.

எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் நோய் வந்தால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஜனங்களின் கால் இன்றைக்கும் திருவனந்தபுரத்தை நோக்கித்தான் நடக்கிறது. 1951இல் தொடங்கிய மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்ரா மருத்துவமனை, ஆர்.சி.சி. மூன்றும் அவர்களுக்கு வீட்டுப் பெயர்கள். களியக்காவிளையைத் தாண்டிய கணத்தில் நோயாளி ஒரு மாநிலத்தின் கணினியிலிருந்து இன்னொரு மாநிலத்தின் கணினிக்கு மாறுகிறார். உண்மையில் எந்தக் கணினியிலும் இல்லாமல் போகிறார். அந்த முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு அவரிடம் இருப்பது ரெஃபர் சீட்டு ஒன்றுதான். அதில் ‘மேல்சிகிச்சைக்காக’ என்ற ஒரு வரியும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, கடைசி பி.பி. என்ன, வழியில் வலிப்பு வந்ததா என்பது இருக்காது. இந்த ஓட்டத்தில் பெரும்பங்கு தனியார் ஆம்புலன்ஸ்காரர்களுடையது. வண்டிக்குள் நர்ஸ் இல்லாமல், ஓட்டுநரும் துணைக்கு வரும் ஒரு பைஸ்டாண்டரும் மட்டுமாக வரும் வண்டிகள் அதில் உண்டு. காகிதமா டேப்பா என்ற விவாதமே அவர்களை எட்டவில்லை, அங்கே இரண்டும் இல்லை.

ஓட்டுநர் அண்ணன்மாரே, உங்களை மருத்துவம் எழுதச் சொல்லவில்லை. புறப்பட்ட நேரம், வந்த நேரம், வழியில் மூச்சுத் திணறலோ வலிப்போ வாந்தியோ வந்தால் அது எத்தனை மணிக்கு, ஆக்சிஜன் ஓடியதா என்ற நாலு வரி போதும். கூட வருபவரின் கைபேசி எண்ணையும் அதில் எழுதுங்கள். பெயரை எழுதும்போது நம் ஊர் வழக்கப்படி இனிஷியல், அப்பா பெயர், ஊர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். நம் ஆட்களின் பெயர் கணினியில் ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்ற கட்டங்களுக்குள் போய் விழும்போது ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் ரத்தப் பிரிவு இன்னொருவர் பெயரில் ஏறுவதற்கு அந்தக் குழப்பமே போதும். 2017இல் ஓக்கி புயல் அடித்தபோது இரண்டு மாநில மீனவர்களும் இந்த நகரத்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பூந்துறைக்காரரையும் வள்ளவிளைக்காரரையும் தேடி உறவுகள் வார்டு வார்டாக அலைந்த நாள்கள் அவை. பேசமுடியாமல் வருபவரின் கையில் கட்டிய ஒரு சீட்டு, எந்த இடத்தில் எந்த நேரத்தில் ஏற்றினோம் என்ற ஒரு வரி, ஒரு குடும்பத்தின் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

வாட்ஸ்ஆப் பற்றியும் சொல்ல வேண்டும். முறையான ஏற்பாடு இல்லாத இடத்தில் அதுதான் மின்னணுக் குறிப்பாகிவிட்டது. ரெஃபர் சீட்டையும் ஈ.சி.ஜி.யையும் படம் பிடித்து டூட்டி டாக்டருக்கு அனுப்புகிறீர்கள். அதனால் பல உயிர் பிழைத்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே படம் ஓட்டுநர் குழுவுக்கும் ஊர்க் குழுவுக்கும் போகும்போது, நடுரோட்டில் துணி விலகிக் கிடந்த ஒரு பெண்ணின் முகம் அவளுடைய பிள்ளைகளின் கைபேசிக்கே வந்து சேர்கிறது. முகம் இல்லாமல், தேவையான ஒரே ஆளுக்கு மட்டும் அனுப்புங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். தனிமனிதத் தரவைக் காக்க நாட்டில் 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் இது நம் தொழில் தர்மம்.

கோர்ட்டையும் மறக்காதீர்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு வருடக்கணக்கில் நடக்கும். அடிபட்டவர் எந்த நேரத்தில், எந்த நிலையில் கிடந்தார் என்று சாட்சி சொல்ல உங்கள் குறிப்பைவிட நல்ல ஆவணம் இல்லை. விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. எப்போது, எங்கே விபத்து நடந்தது என்பதை வைத்தே அது நகரும். தாளில் எழுதியதில் தவறு வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் நேரமும் போடுங்கள். மேலே எழுதிக் கறுப்பாக்காதீர்கள், ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். டேப்பில் உள்ளதைக் கோர்ட்டில் கொடுக்க 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதைத் தருவது நடத்துகிறவரின் பொறுப்பு. யார் தருவார் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொருவரின் லாகினில் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நாளைக்குக் கூண்டில் ஏறுவது லாகினுக்குச் சொந்தக்காரர்தான்.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பக்கத் தாள் ஒன்றை நோயாளியோடு கொடுங்கள். அதில் எட்டு விஷயம் போதும்: பெயர் அல்லது அடையாளம், எங்கே ஏற்றினோம், என்ன நடந்தது, எப்போது நடந்தது, நீங்கள் பார்த்த முதல் அளவுகள் நேரத்தோடு, கடைசி அளவுகள் நேரத்தோடு, நீங்கள் செய்தது, ஒப்படைத்த பொருள்கள். கழுத்துச் சங்கிலி, கம்மல், கைபேசி, பர்ஸ் என்று தனித்தனியாக எழுதுங்கள், வாங்கியவர் கையெழுத்தையும் வாங்குங்கள். பின்னால் வரும் பழியிலிருந்து உங்களைக் காப்பது அந்த ஒரு வரிதான். மைக்ரோபோர் துண்டில் எழுதியிருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், அப்படியே தாளில் ஒட்டிக் கொடுங்கள். எனக்கு அது போதும், எந்த டாக்டருக்கும் போதும். பிறகு முப்பது விநாடி, கேஷுவாலிட்டியில் ஒருவர் கண்ணைப் பார்த்து வாயால் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் நின்று, இன்னொரு முறை சொல்லுங்கள்.

கேஷுவாலிட்டியில் இருக்கும் என் பழைய சகாக்களுக்கும் இதில் பங்குண்டு. இ.எம்.டி. பேசும் முப்பது விநாடியும் நோயாளியைத் தொடாமல் கேளுங்கள். மூச்சோ நாடியோ நின்றிருந்தால் மட்டும் விதிவிலக்கு. தாளை வாங்கி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டு, கேஸ் ஷீட்டின் முதல் பக்கமாக வையுங்கள். மேசையில் விடாதீர்கள். படுக்கை கிடைக்காமல் வண்டி வாசலில் காத்துக் கிடந்தால் அந்த நேரத்தையும் எழுத அனுமதியுங்கள். அது யாரையும் குற்றம் சாட்ட அல்ல, இன்னும் படுக்கை வேண்டும் என்று அரசிடம் கேட்க நமக்குக் கிடைக்கும் ஆதாரம். நோயாளிக்கு என்ன ஆனது என்று மறுநாள் ஒரு இ.எம்.டி. கேட்டால் எரிந்து விழாமல் சொல்லுங்கள். எழுதிய குறிப்பு எங்கே போய் எதற்கு உதவியது என்று தெரிந்த கை, அடுத்த முறை இன்னும் நன்றாக எழுதும்.

சுகாதாரத் துறையிலும் மருத்துவ சேவைக் கழகத்திலும் முடிவு எடுப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் கேட்பது மூன்று. ஆம்புலன்ஸ் குறிப்பும் இ-ஹெல்த்தும் ஒன்றோடு ஒன்று பேசும்படி செய்யுங்கள், தனியார் மருத்துவமனைகளுக்கும் அதில் ஒரு வாசல் திறந்துவிடுங்கள். டேப் வாங்கும்போது கூடவே வண்டிக்குள் ஒரு சின்ன பிரிண்டரும் வாங்குங்கள். எழுதியது அங்கேயே அச்சாகி நோயாளியோடு வந்தால் இந்த மடலில் பாதி தேவைப்படாது. தெர்மல் தாள் வெளுத்தாலும் பரவாயில்லை, அன்றைய இரவுக்கு அது போதும், நிரந்தரமானது சர்வரில் இருக்கும். மூன்றாவதாக, கேரளமும் தமிழ்நாடும் உட்கார்ந்து, எல்லை தாண்டும் நோயாளிக்கு ஒரே மாதிரியான ஒரு பக்கத் தாளை வகுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்காகவும் சாலைக்காகவும் கூடிப் பேசும் இரண்டு அரசுகளுக்கு இது பெரிய காரியமில்லை. ஒரே வேலையைத் தாளிலும் டேப்பிலும் முழுசாக இரண்டு முறை எழுதச் சொல்லி இந்தப் பிள்ளைகளின் முதுகில் ஏற்றவும் வேண்டாம். தாள் ஒரு பக்கம், டேப் முழு விவரம் என்று பிரித்துவிடுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. 2024இல் சம்பளம் தாமதமாகி ‘கனிவு’ ஊழியர்கள் போராட வேண்டி வந்ததை ஊரே பார்த்தது. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் ஒரு கேஸ் முடிவதற்குள் அடுத்த கேஸுக்கு ஓடுபவர்களிடம் இன்னொரு தாளை நீட்டுகிறேனே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் செய்யும் வேலையில் பாதி, வண்டிக் கதவு திறந்ததும் யாருக்கும் தெரியாமல் கரைந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை. வழியில் தொண்டையில் அடைத்ததை உறிஞ்சி எடுத்தது நீங்கள், சுகர் 38 என்று கண்டுபிடித்துக் குளுக்கோஸ் ஏற்றியது நீங்கள். கேஷுவாலிட்டிக்கு வரும்போது நோயாளி கண் திறந்து பேசுகிறார், ‘ஒன்றுமில்லாத கேஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 38 எழுத்தில் இல்லாததால் அவர் ஏன் மயங்கினார் என்று யாரும் தேடாமல் வீட்டுக்கு அனுப்பலாம். மறுநாள் விடியற்காலை அதே மயக்கம் மறுபடி வரலாம், அப்போது பக்கத்தில் யாரும் இல்லாமலும் போகலாம்.

ஆகவே இன்றைய டூட்டியிலிருந்தே தொடங்குங்கள். அரசாணைக்கும் புதிய டேப்புக்கும் காத்திருக்க வேண்டாம். வண்டியில் ஒரு பேடும் கட்டி வைத்த பேனாவும் போதும். முதல் அளவு, கடைசி அளவு, இரண்டுக்கும் நேரம். தாளைக் கையில் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தைக் கேளுங்கள். யாராவது ‘இதெல்லாம் எதற்கு’ என்று கேட்டால், இது நோயாளியின் சொத்து, உங்களிடம் பத்திரமாக ஒப்படைக்கிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களிடமிருந்து நோயாளிகளை வாங்கிப் பழகிய ஒரு பழைய நர்ஸ்
திருவனந்தபுரம்